தப்பு விழுந்த இடம்

வி.ஏ.ஓ. ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் பதினேழாவது பெயர் இளவரசியுடையது. பெயர் சரி. கதவு எண் சரி. கணவன் பெயர் சிட்டிபாபு என்று போட்டிருந்ததும் சரி. இலவசத் தையல் மெஷின் வாங்க இவளுக்கு என்ன தகுதி என்று சொல்லும் கடைசிக் கட்டத்தில்தான் 'கணவனால் கைவிடப்பட்டவர்' என்று இருந்தது.

இளவரசி மூன்று தடவை படித்தாள். பிறகு யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, முந்தானையால் அந்த எழுத்தை அழுத்தித் துடைத்தாள். கம்ப்யூட்டரில் அச்சடித்தது, போகவில்லை.

உள்ளே போனாள். வி.ஏ.ஓ. குமரன் வேலைக்குப் புதுசு. யார் என்ன கேட்டாலும் முதலில் கம்ப்யூட்டரைத்தான் கேட்பார்.

"சார், வெளிய ஒட்டியிருக்கறதுல தப்பு இருக்குது. என்னை யாரும் கைவிடல."

குமரன் தட்டிப் பார்த்தார். "ரெண்டு வருஷமா அந்த வகையிலதானேம்மா உதவித்தொகை வாங்கிக்கினு இருக்கீங்க?"

"அது எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்ற மகளிர் தொகை இல்லியா சார்?"

"இல்லம்மா. இது கைவிடப்பட்டவங்களுக்கானது. நீங்க கையெழுத்துப் போட்ட மனு ஏறியிருக்குது. வீட்டுக்காரர் எங்க இருக்காரு?"

"கனடால சார்."

"கடைசியா எப்ப வந்தாரு?"

"வரல சார். போயி ரெண்டு வருஷம் ஆவுது."

குமரன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். பார்வையில் இரக்கம் இருந்தது.

"அய்யோ சார், விட்டுட்டுப் போகல. சும்மா போயிருக்காரு. அங்கியே தங்கறதுக்கு பி.ஆர்.னு ஒண்ணு போட்டிருக்காரு. அது வந்துட்டா என்னையும் பொண்ணையும் கூப்ட்டுக்குவாரு. இத மட்டும் அடிச்சு விட்ருங்க."

"அடிக்க முடியாதும்மா. வீட்டுக்காரர் திரும்பி வந்து உங்ககூட வாழறாருன்னு சான்று வேணும். அவரே நேர்ல வரணும்."

"பி.ஆர். வந்தாத்தான் சார் அவரு வர முடியும். பேப்பர்ல இப்படி இருந்தா பி.ஆர். குடுப்பாங்களா?"

"அவர் வந்தாத்தான் இது போகும். இது போனாத்தான் அவர் வருவாரு." குமரன் பேனாவை மூடினார். "எதுக்கும் தாலுகா ஆபீஸ்ல ஒரு மனு குடுத்துப் பாருங்க."

ஏகாம்பரநாதர் கோயில் கோபுரம் தெரிகிற தெரு ஒன்றில் இளவரசிக்கு ஒரு தறி, ஒரு மகள், ஒரு கணவன். தறி வீட்டில் இருந்தது. மகள் ஜீவிதா எட்டாம் வகுப்பில் இருந்தாள். கணவன் கனடாவில் இருந்தான். காஞ்சிபுரத்தில் இருந்தவரை தண்ணீர் குடிக்கக்கூட அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதன், அங்கே ஒரு தமிழ் ஓட்டலில் காஞ்சிபுரம் இட்லிக்கு மாஸ்டர். "எந்த ஊருன்னு கேட்டாங்க, சொன்னேன், கரண்டியைக் கையில குடுத்துட்டாங்க" என்று அவனே போனில் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

முதல் ஆறு மாதம் பணம் அனுப்பினான். பிறகு பி.ஆருக்கு வக்கீல் செலவு இருக்கிறது என்றான். இளவரசி அதற்குமேல் கேட்கவில்லை. அவளுக்குப் பணம் பெரிதில்லை. சேலையின் உடலோடு கரையைச் சேர்த்து நெய்யும் கோர்வையின்போது பக்கத்தில் உட்கார்ந்து கரை இழை ஓடும் நாடாவைத் தள்ளிவிட அவன் இல்லை என்பதுதான் பெரிது. இப்போது பக்கத்து வீட்டு ஜெயம்மாள் வந்து உட்காருகிறாள். நாடாவை அவனைவிட நன்றாகவே தள்ளுகிறாள். இருந்தாலும் ஒவ்வொரு கோர்வைக்கும் இளவரசிக்கு அவன் ஞாபகம் வரும். அந்த இரண்டு எழுத்து வந்துவிட்டால் மூன்று பேரும் மறுபடி ஒரே வீட்டில் இருக்கலாம். அவள் தினமும் விளக்கேற்றும்போது கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

ஜீவிதா செல்போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, கனடாக்காரங்க எல்லாத்தையும் செக் பண்ணுவாங்களாம். புருஷன் பொண்டாட்டின்னா எல்லா பேப்பர்லயும் அப்படியே இருக்கணுமாம். மாத்தி இருந்துதுன்னா மொத்தமா ரிஜெக்ட்."

"உங்கப்பாவுக்கு நம்மளால கெட்ட பேரு வரக் கூடாதுடி" என்றாள் இளவரசி.

அன்று சாயங்காலம் சிட்டிபாபு கூப்பிட்டான். பட்டியல் விஷயத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டாள்.

"ஏங்க, பி.ஆருக்கு எங்க பேப்பர் எதுனா வேணுமா? கல்யாண சர்டிபிகேட்டு, ரேஷன் கார்டு? ஸ்கேன் பண்ணி அனுப்பட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். நீ எதையும் தொடாத, எங்கியும் போவாத. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

"இல்ல, அங்க எதுனா செக் பண்ணுவாங்கன்னு..."

"அதான் சொல்றேன்ல? நான் பாத்துக்கறேன்மா."

அந்தக் கடைசி 'மா'வில் இளவரசி உருகிப் போனாள். தூர தேசத்தில் நெருப்புக்கு முன்னால் நின்று மாயும்போதும் தன்னை அலையவிடக் கூடாது என்று நினைக்கிற மனுஷன். அவனுக்குத் தெரியாமலே இதைச் சரிசெய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

தப்பு யார் செய்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவன் கனடாவுக்குக் கிளம்புகிற வாரம், தறியிலிருந்து அவளை எழுப்பி ஆட்டோவில் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போனான். "நான் போனப்புறம் நீ ஒத்தையில அலையக் கூடாது, ரேஷன் கார்டு, மகளிர் தொகை எல்லாத்தையும் இப்பவே முடிச்சிடறேன்" என்று ஆட்டோ சீட்டில் வைத்தே நாலைந்து இடத்தில் கையெழுத்து வாங்கினான். திரும்பும்போது காமாட்சி அம்மன் கோயில் வாசலில் பூ வாங்கிக் கொடுத்து, ஓட்டலில் நெய் ரோஸ்ட்டும் வாங்கிக் கொடுத்தான். அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவன் கொடுத்த மனுவில் தப்பு இருக்குமா? ஆபீஸ் வாசலில் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுக்கிற வேணுகோபால்தான் கட்டத்தை மாற்றிப் போட்டிருக்க வேண்டும்.

வேணுகோபால் தாலுகா ஆபீசுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதுகிறவர். மறுநாள் காலையில் இளவரசி அவர் முன்னால் போய் நின்றாள்.

"என் குடும்பத்துல கைவச்சிட்டியே, நீ நல்லா இருப்பியாய்யா?"

விஷயத்தைக் கேட்டு முடித்த வேணுகோபால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. "தாயே, முப்பது வருஷமா எழுதறேன். நான் எழுதினா கடைசில ஒரு சுழி இருக்கும். பழைய மனுவை எடுத்துப் பாரு. சுழி இருந்தா இந்த மேஜையை நீயே தூக்கிக்கினு போ."

"அது அப்புறம். இப்ப இதை மாத்தறதுக்கு வழி சொல்லு."

வேணுகோபால் தன் பெயரைக் காப்பாற்ற இலவசமாகவே ஒரு மனு எழுதினார். எழுதி, ராகம் போட்டுப் படித்தும் காட்டினார். "அன்புள்ள கணவர் அயல்தேசம் சென்றிருக்க, அபலையாகிய நான், ஏந்திழையாகிய என் மகளுடன்..."

"அபலைன்னு எதுக்குப் போட்டே? நான் அபலை இல்லன்னு சொல்லத்தானே மனுவே?"

"மனுன்னா அபலை வரணும்மா. இல்லன்னா எவனும் முதல் வரியைத் தாண்ட மாட்டான்."

அவர் சொன்னது உண்மைதான். தாலுகா ஆபீசில் முதல் வரியை மட்டும் படித்தார்கள். பத்தாம் நாள் வருவாய் ஆய்வாளர் அம்மா விசாரணைக்கு வந்து இறங்கினார்.

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தங்களுக்குள் தண்ணீர்க் குழாயடியில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட, சர்க்கார் ஆள் விசாரிக்க வந்தால் ஒரே வாயாகப் பேசுவார்கள். யாருக்கு எது வந்தாலும் வந்ததை நிற்க விடக் கூடாது. ஜீப் நின்ற சத்தத்துக்கே நாலு தறி நின்றது. ஜெயம்மாள் முதல் ஆளாக வாசலுக்கு வந்தாள்.

"இவங்க வீட்டுக்காரர் எப்படிம்மா?" என்றார் ஆய்வாளர் அம்மா.

"அந்தப் பாவியா?" என்று ஆரம்பித்தாள் ஜெயம்மாள். "தங்கமானவளை நடுத்தெருவுல விட்டுட்டு ராவோட ராவா ஓடினவனாச்சே அம்மா! ஒரு சேதி உண்டா, ஒரு சல்லி உண்டா?"

"ஜெயம்மாக்கா, சும்மா இருங்கக்கா!" என்றாள் இளவரசி.

ஜெயம்மாள் அவளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஆய்வாளர் அம்மாவிடம் திரும்பினாள். "பாத்தீங்களா, இப்பவும் புருஷனை விட்டுக்குடுக்க மாட்டா. அப்படி வளந்தவ."

எதிர்வீட்டு தணிகாசலம் தன் பங்குக்கு, "அங்க ஒரு வெள்ளைக்காரியோட குடித்தனமாம், கேள்விப்பட்டோம்" என்றார். அவர் யாரிடமும் கேள்விப்படவில்லை. அந்த நிமிடம் தோன்றியதைச் சொன்னார். கூட்டத்தில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

"மேடம், இவங்க சொல்றது அத்தனையும் பொய்" என்று இளவரசி கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் இப்பவே வீடியோ கால் போடறேன். நீங்களே அவருகிட்டப் பேசுங்க."

போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று முறை போட்டாள்.

"அங்க இப்ப ராத்திரி ஒண்ணரை மணி மேடம். அதான் எடுக்கல."

ஆய்வாளர் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "விட்டுட்டுப் போனவங்களுக்கு நாம கூப்பிடறப்ப எப்பவும் ராத்திரியாத்தான் இருக்கும்மா" என்றார். ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் கோப்பில் இரண்டு வரி எழுதினார். தையல் மெஷினோடு, வீட்டு மனைப் பட்டாவுக்கும் முன்னுரிமை என்பது அந்த இரண்டு வரி.

ஜீப் போனதும் இளவரசி தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்து அழுதாள். ஜெயம்மாள் பக்கத்தில் வந்து, "எதுக்குடி அழுவற? மனையே வாங்கிக் குடுத்துட்டேன்" என்றாள்.

"எனக்கு மனை வேணாங்க்கா. அவரு வேணும்."

ஜெயம்மாள் எழுந்து உள்ளே போனாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மெஷின் வழங்கும் விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. போக மாட்டேன் என்று இளவரசி சொல்லிப் பார்த்தாள். போகாவிட்டால் மெஷினை அதிகாரிகளே வீட்டுக்குக் கொண்டுவருவார்கள், கூடவே போட்டோக்காரரும் வருவார் என்றார் குமரன். அதற்கு இதுவே மேல் என்று போனாள். போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மேடையில் மைக் இருக்கும். இத்தனை பேர் முன்னால் ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிட்டால், அதற்குமேல் யார் மறுக்க முடியும்?

பெயரைக் கூப்பிட்டதும் மேலே ஏறினாள். மெஷினைத் தொடவில்லை. நேராக மைக்குக்குப் போனாள்.

"எல்லாருக்கும் வணக்கம். என்னை என் வீட்டுக்காரர் கைவிடல. அவரு வருவாரு. என்னையும் எம்பொண்ணையும் வந்து கூட்டிக்கினு போவாரு. இது சத்தியம்."

முன்வரிசையில் ஒரு அம்மாள் விசும்பினாள். பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். அப்புறம் மண்டபமே எழுந்து நின்று தட்டியது. நிகழ்ச்சியை நடத்திய வாத்தியார் மைக்கை வாங்கி, "இதுதான் தமிழ்ப் பெண்ணின் நம்பிக்கை!" என்று தழுதழுத்தார். அவள் பிடிவாதமாகக் கீழே தொங்கவிட்டிருந்த கையை யாரோ எடுத்து மெஷின் மேல் வைக்க, கேமரா மின்னியது.

மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. 'என் கணவர் வருவார்: கைவிடப்பட்ட பெண் உருக்கம்' என்று தலைப்பு. பேப்பர் வாங்கும் பழக்கமே இல்லாத வீடுகளில்கூட அன்று அந்தப் பக்கம் இருந்தது. ஜீவிதா பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி, பையை வீசிவிட்டு, யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இளவரசி மகளின் தலையைத் தடவிக்கொண்டே, சாயங்காலம் வரப்போகும் போனை நினைத்துப் பயந்தாள். கனடாவில் இருக்கும் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஏகாம்பரநாதர் கோயில் யானை தும்மினால்கூட அங்கே தெரிந்துவிடும்.

போன் வந்தது.

"போட்டோ பாத்தேன்" என்றான் சிட்டிபாபு.

"ஏங்க, அது நான் ஒண்ணும்..."

"நல்லா இருந்துது. இளைச்சிட்ட. மெஷின் ஓடுதா?"

அவளுக்கு நம்ப முடியவில்லை. "உங்களுக்குக் கோவம் இல்லியா? என்னென்னமோ போட்டிருக்காங்க. நான் எல்லாத்தையும் மாத்திடறேங்க, மனு குடுத்திருக்கேன்..."

"மாத்தாத." அவன் குரல் சட்டென்று உயர்ந்து, உடனே தணிந்தது. "எதையும் மாத்தாதம்மா. இருக்கறது இருக்கட்டும். மனை குடுத்தாலும் வாங்கிக்க, வேணாம்னு சொல்லாத. பாப்பாவைப் படிக்க வை."

"உங்க பி.ஆர்.?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. நான் பாத்துக்கறேன்."

இளவரசி போனை வைத்தாள். ஊரெல்லாம் தன்னைப் பாவி, ஓடிப்போனவன் என்று தூற்றியது தெரிந்தும் ஒரு சுடுசொல் இல்லாமல் பேசுகிறானே என்று கண் நிறைந்தது. இப்படிப்பட்டவனுடைய காகிதத்தில் தன்னால் ஒரு கறை இருக்கக் கூடாது. அவன் வேண்டாம் என்று சொன்னது தன்மேல் உள்ள அக்கறை. செய்துவிட்டுச் சொன்னால் சந்தோஷப்படுவான்.

அன்று தறியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு வழி புரிந்தது. நெய்கிறபோது இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு மேலே போகலாம். பூ வேலையான புட்டா மாறி விழுந்துவிட்டால் முடியாது. மேலே நெய்ய நெய்யத் தப்பு பெரிதாகத்தான் தெரியும். நெய்ததையெல்லாம் இழை இழையாகப் பிரித்துக்கொண்டு, தப்பு விழுந்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். இத்தனை நாளும் தான் மேலே மேலே நெய்துகொண்டிருந்ததாக அவளுக்குத் தோன்றியது. மேடையும் மைக்கும் மனுவும் எதற்கு? முதல் மனு இருக்கும் இடத்துக்குப் போனால் யார் எந்தக் கட்டத்தை மாற்றிப் போட்டார்கள் என்று தெரிந்துவிடும். வேணுகோபால் சொன்ன சுழியும் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

தாலுகா ஆபீசில் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்குக் கோதண்டபாணி என்பவர் பொறுப்பு. ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. அந்த அறைக்கு யாரும் வருவதில்லை என்பதால் வந்தவளை உட்காரச் சொல்லி, பிளாஸ்கிலிருந்து டீயும் ஊற்றிக் கொடுத்தார்.

"பேப்பர்ல வந்த பொண்ணுதானே நீ? என் சம்சாரம் படிச்சிட்டு ரெண்டு நாள் சரியா சாப்பிடல."

"அதெல்லாம் தப்புங்கய்யா. என் மனுவுல யாரோ தப்பாப் போட்டுட்டாங்க. அது எங்க விழுந்துதுன்னு பாத்துட்டா, சரி பண்ணிட்டுப் போயிடுவேன்."

"பாத்துடலாம்மா. இங்க எதுவும் தொலையாது. தேடறதுக்குத்தான் ஆள் வர்றதில்ல."

ஏணி போட்டு ஏறி, ஒரு துணிக்கட்டை இறக்கி, தூசியைத் தட்டிப் பிரித்தார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் தாள்களைத் தள்ளினார். இளவரசி டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதோ. இளவரசி, கணவர் பெயர் சிட்டிபாபு. மனு தேதி ஆகஸ்ட் பதினாலு."

"அதேதாங்கய்யா! அவரு ஊருக்குக் கிளம்பினது இருபதாந்தேதி. அதுக்கு முன்னாடி அவரேதான் என்னைக் கூட்டிக்கினு வந்தாரு." சொல்லும்போதே அவளுக்கு முகம் மலர்ந்தது. அந்த நெய் ரோஸ்ட்டின் வாசனைகூட நினைவுக்கு வந்தது. "கடைசில சுழி இருக்குதா பாருங்க."

"சுழி ஒண்ணும் இல்ல. வேணுகோபால் எழுத்தே இல்ல இது."

"அப்ப யாரு எழுத்து?"

கோதண்டபாணி மனுவோடு குத்தியிருந்த இரண்டாவது தாளைப் புரட்டினார். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு கோப்பை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"தப்பு இங்க விழலம்மா. 'அஞ்சு வருஷமா நான் இவளோட வாழல, இனிமே அரசாங்கம்தான் இவளைப் பாத்துக்கணும்'னு உன் வீட்டுக்காரரே கைப்பட எழுதிக் குடுத்திருக்காரு; கனடா மனுவுல தனியாளுன்னு காட்ட வேணும்னு இதுல ஒரு நகலும் வாங்கிக்கினு போயிருக்காரு."